புரட்டாசி மாசம் பூனைக்கு சோயா சாசேஜ்: பாக்கெட், டின் சாப்பாடு பூனைக்கு ஆகுமா?

மல்லிகைக்கொடி | சாட்ஸ்வர்த்

எல்லாருக்கும் வணக்கம், தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் இருந்து எழுதுறேன். புரட்டாசி பிறந்தாச்சு, எங்க வீட்ல வழக்கம்போல மாசம் முழுக்கக் கவிச்சி கிடையாது. மாமியார் முதல் நாளே ஃப்ரீஸரைக் காலி பண்ணி, கறி வெட்டுற பலகையைக்கூட கராஜில் கொண்டுபோய் வச்சுட்டாங்க. மனுஷங்களுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை மாங்காவுக்கு. மாங்கா எங்க வீட்டு ஆண் பூனை, மஞ்சள் நிறம், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

மத்த மாசங்கள்ல அது நாங்க சாப்பிடுறதையே சாப்பிடும். டின் ஃபிஷ், பொலோனித் துண்டு (கறிக்கூழை உருளையா அடைச்சு வேகவச்சது), வியன்னா சாசேஜ், ஞாயித்துக்கிழமை கோழிக்குழம்பு பிசைஞ்ச சோறு. இந்த மாசம் எங்களுக்கு வாங்கின சோயா சாசேஜையே அதுக்கும் நறுக்கிப் போட்டேன். விரும்பிச் சாப்பிடுது. மாமியாருக்கு ஒரே சந்தோஷம், "பாரு, பூனைகூட விரதம் இருக்கு"ன்னு.

நேத்து பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்துட்டு, "அது பூனைக்கு விஷம், நீ போடுற பொலோனியும் விஷம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நிஜமா? மனுஷங்களுக்குன்னு கடையில விக்கிற பாக்கெட், டின் சாமான் பூனைக்கு ஆகுமா, ஆகாதா? தேடிப் பார்த்தா ஒருத்தர் கொடுக்கலாங்கிறார், இன்னொருத்தர் செத்துடுங்கிறார்.

கடற்கரைக்காகம் | வெருலம்

தங்கச்சி, பயப்படாதே. டோங்காட்டில் எங்க ஆயா வீடு கரும்புத் தோட்டத்தை ஒட்டி. எப்பவும் நாலஞ்சு பூனை சுத்திக்கிட்டு இருக்கும். டின் ஃபிஷ் குழம்பு வழிச்ச சட்டி, மீன் தலை, பழைய சோறு, அவ்வளவுதான் அதுகளுக்கு. பதினஞ்சு வருஷத்துக்கு மேல இருந்த பூனையும் அதுல உண்டு. வெட் (மிருக டாக்டர்) கிட்ட ஒருநாளும் தூக்கிட்டுப் போனதில்லை.

பூனைக்குத் தனிச் சாப்பாடுங்கிறது பூனைத் தீனி மூட்டை விக்கிறவன் கிளப்பி விட்ட கதை. அந்தக் காஞ்ச தீனி பெல்லட் விலைக்கு நாம ஒரு கோழி வாங்கிடலாம்.

ஊசிமருந்து | பீனிக்ஸ்

மல்லிகை அக்கா, நான் ஒரு வெட் கிளினிக்கில் நர்ஸ். மத்தவங்க வாதம் பண்ணட்டும், நீங்க முதல்ல அந்த சோயா சாசேஜ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிங்க. வெங்காயத்தூள், பூண்டுத்தூள் ரெண்டில் ஒண்ணு இருந்தாலும் இன்னிக்கே நிறுத்துங்க.

சோயாவுக்குன்னு சொந்தமா ருசி கிடையாது. அதைக் கறி மாதிரி ஆக்குறதே இந்தத் தூள்கள்தான். பூனைக்கு ஆகாததில் முதல் இடம் அதுக்குத்தான்.

காரணம் ரத்தத்தில் இருக்கு. வெங்காயம், பூண்டு வகையறாவில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுவுக்குள்ள போய் ஹீமோகுளோபினைக் கெடுக்கும். அப்படிக் கெடுக்கிறதுக்கு வாகான இடம் மனுஷ ஹீமோகுளோபினில் 2, நாயோடதில் 4, பூனையோடதில் 8. கெட்டுப்போன ஹீமோகுளோபின் அணுவுக்குள்ள திரண்டு உருண்டையா நிக்கும், ஹைன்ஸ் உருண்டைன்னு சொல்வாங்க. அப்படிப்பட்ட அணுவை மண்ணீரல் பிடிச்சு அழிச்சுடும், இல்லைன்னா அது தானே உடையும். பூனைக்கு ரத்தசோகை.

அளவு: ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் பச்சை வெங்காயம் போனாலே பூனை ரத்தத்தில் மாற்றம் தெரியும். மாங்காவுக்கு அது 20 கிராம், அதாவது சின்ன சைஸ் பெரிய வெங்காயம் ஒண்ணில் பாதிக்கும் குறைவு. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணிங்கிறதால தூளா வரும்போது 2 கிராமே போதும். பூண்டு இதைவிட வீரியம். வேகவச்சாலும் பொரிச்சாலும் காய வச்சாலும் இந்தச் சேர்மங்கள் போகாது. குழம்பில் வெங்காயத் துண்டை ஒதுக்கிட்டுக் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை, சாரம் குழம்பில் இறங்கிடுச்சு.

இது எங்க கிளினிக் அனுபவம் மட்டும் இல்லை. சாப்பிடாம கிடக்கிற பூனைக்கு குழந்தைகளுக்குன்னு ஜாடியில் வர்ற கறிக்கூழை ஊட்டுறது பழைய வழக்கம். அப்போ சில ஜாடிகளில் வெங்காயத்தூள் இருந்துச்சு. அந்த மாதிரி கூழ் கொடுத்த பூனைகளுக்கு ஹைன்ஸ் உருண்டைகள் கூடுறதை 1998-இல் அமெரிக்காவில் ஆராய்ஞ்சு எழுதினாங்க. குழந்தைக்கு ஆகிற சாப்பாடே பூனைக்கு ஆகலை.

மல்லிகைக்கொடி | சாட்ஸ்வர்த்

ஐயோ. படிச்சேன். ரெண்டு தூளும் இருக்கு. அதுக்கப்புறம் "ஃப்ளேவரிங்"னு ஒண்ணு, அது என்னன்னு தெரியலை. ஒரு வாரமாத் தினமும் அரை சாசேஜ் போட்டிருக்கேன். இப்போ நல்லா ஓடுது, ஆடுது. என்ன பார்க்கணும்?

ஊசிமருந்து | பீனிக்ஸ்

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. இளஞ்சிவப்பா இருக்கணும். வெளிறியோ மஞ்சளாவோ இருந்தா, சும்மா படுத்திருக்கும்போதே வேகமா மூச்சு வாங்கினா, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனா, காத்திருக்காதீங்க, தூக்கிட்டு வந்துடுங்க. இது சாப்பிட்ட அன்னிக்கே தெரியாது, சில நாள் கழிச்சுத்தான் தெரியும். சாசேஜை நிறுத்தின பிறகும் ஒரு வாரம் கவனிங்க. ரத்தம் எடுத்து ஒரு தடவை பார்த்துட்டா நிம்மதி. ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் எஸ்பிசிஏங்கிற விலங்குநலச் சங்கம் இருக்கு, தனியார் வெட்டுக்குச் செலவு பண்ண முடியாதவங்க அங்கே விசாரிக்கலாம்.

கறிபன்னி | ஓவர்போர்ட்

நான் யூனிவர்சிட்டி பையன், எங்க டிக்ஸில் (பசங்க சேர்ந்து தங்குற வாடகை வீடு) ஒரு பூனை இருக்கு. அது டூ மினிட் நூடுல்ஸ் மசாலாத்தூளை நக்கும், சட்னி சிப்ஸ் தின்னும், வெள்ளிக்கிழமை பன்னி சௌ (ரொட்டியைக் குடைஞ்சு கறிக்குழம்பு ஊத்தினது) வாங்கினா ரொட்டியில் ஊறின கிரேவியைப் பிச்சுத் தின்னும். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே? அப்புறம் ஒரு விஷயம், சர்க்கரை இல்லாத பீநட் பட்டரில் சைலிடால்ங்கிற இனிப்பூட்டி இருந்தா பூனை உடனே செத்துடும்னு ஒரு வீடியோ பார்த்தேன், மக்களே ஜாக்கிரதை.

மிட்ராண்ட்_பொறியாளன் | மிட்ராண்ட்

கறிபன்னி தம்பி, நீங்க சொன்ன மூணிலும் பெரும்பாலும் வெங்காயமோ வெங்காயத்தூளோ இருக்கும். ஹைன்ஸ் உருண்டையை வெளியில் இருந்து பார்க்க முடியாது. பூனை சோர்வை மறைப்பதில் கெட்டிக்காரன். மூலையில் சுருண்டு படுத்தால் "தூங்குது" என்றுதான் நாம் நினைப்போம்.

நான் சென்னையில் இருந்து இங்கே வந்தவன். வீட்டில் இரண்டு பூனைகள், இரண்டும் அப்பார்ட்மெண்டை விட்டு வெளியே போகாதவை. காகம் அண்ணாவுடைய ஆயா வீட்டுப் பூனையைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோர் ஊரிலும் அப்படி ஒரு பூனை உண்டு, எங்கள் பாட்டி வீட்டிலும் இருந்தது. அந்தப் பூனை சாப்பிட்டது டின் ஃபிஷ் மட்டும்தானா? கரும்புத் தோட்டத்தில் எலிக்கா பஞ்சம்? இரவில் எலி, பல்லி, குருவி. எலி ஒன்றை முழுசாகத் தின்றால் சதை, எலும்பு, ஈரல், இதயம் எல்லாம் சேர்ந்து வருகிறது, சுண்ணாம்புச் சத்தும் அதற்குள்ளேயே. ஆயா போட்ட குழம்புச் சோறு பக்கவாத்தியம். கச்சேரி எலியுடையது. சாட்ஸ்வர்த்தில் சுவருக்குள் வளரும் மாங்காவுக்கு அந்தக் கச்சேரி கிடையாது.

இதில் முக்கியமானது டாரின் என்ற சத்து. நம் உடம்பும் நாயின் உடம்பும் அதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பு தேவையான அளவு செய்யாது, இறைச்சியில் இருந்துதான் வரவேண்டும். டாரின் இல்லாத தீவனம் கொடுத்த பூனைகளுக்கு விழித்திரை அழிந்தது 1975-இல் வெளியானது. 1987-இல் கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார், பூனைகளின் இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் நோய்க்கும் அதே குறைதான் காரணம் என்று காட்டினார்கள். டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் திரும்பி வந்தது. சோயாவில் டாரின் இல்லை. அரிசியில் இல்லை, பருப்பில் இல்லை. மாமியாரிடம் சொல்லுங்கள், பூனை விரதம் இருக்கவில்லை, இருக்க வைக்கப்படுகிறது.

கடற்கரைக்காகம் | வெருலம்

மிட்ராண்ட் தம்பி, எலி விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா நீ சொன்ன 1987 கதையை முழுசாச் சொல்லு. அந்தப் பூனைகள் தின்னது என்ன? டின் ஃபிஷ் குழம்பா? கடையில வாங்கின பூனைச் சாப்பாடு! கம்பெனி செஞ்சதைத் தின்னுதான் இதயம் வீங்குச்சு. அப்புறம் 2007-ல சீனாவில் இருந்து வந்த மாவில் மெலமின் கலந்து, அமெரிக்காவில் தொடங்கி இங்க வரைக்கும் நாயும் பூனையும் கிட்னி போய்ச் செத்ததே, அதுவும் மூட்டைச் சாப்பாடுதான். மனுஷன் சாப்பாடு மட்டும் ஆபத்து, மூட்டை மட்டும் பத்தரை மாத்துன்னு சொல்லாதே.

மிட்ராண்ட்_பொறியாளன் | மிட்ராண்ட்

அண்ணா, அது நியாயமான கேள்வி, நான் விட்டுவிட்டேன். ஆமாம், அந்தக் காலத்தில் பிரபலமான தீவனங்களிலேயே டாரின் போதவில்லை. கண்டுபிடித்த பிறகு எல்லா நிறுவனமும் கூட்டினார்கள், அந்த இதயநோய் வெகுவாகக் குறைந்தது. மெலமினும் நடந்ததுதான். கோதுமை மாவின் புரதம் அதிகமாகத் தெரிய வேண்டும் என்று கலந்த கலப்படம், சிறுநீரகத்தில் படிகமாக உறைந்தது.

நான் பார்க்கும் வேறுபாடு ஒன்றுதான். பூனைத் தீவனத்தில் தவறு நடந்தால் அது தவறு, திருத்துகிறார்கள். பொலோனியில் பூனைக்கு ஆகாதது இருந்தால் அது தவறே இல்லை, ஏனென்றால் யாரும் பூனையை நினைத்து அதைச் செய்யவில்லை. எடுத்துக்காட்டாக ப்ரோப்பிலீன் கிளைக்கால். ஈரப்பதம் காக்கவும் வாசனை கரைக்கவும் மனித உணவில் அனுமதி உள்ள பொருள். பூனை ரத்தத்தில் இதுவும் ஹைன்ஸ் உருண்டை உண்டாக்குகிறது என்று தெரிந்து அமெரிக்கா 1996-இல் பூனைத் தீவனத்தில் தடை செய்தது. கேக் ஐசிங்கில் இன்றைக்கும் இருக்கலாம். சட்டப்படி அது சரிதான்.

பழையசோறு | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பொலோனி பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். வேலையில் இருந்தவரை உணவுச் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். இப்போது ஓய்வு, வீட்டில் மூன்று பூனை, அதில் ஒன்று கிழவி.

பூனையை விடுங்கள், பொலோனி மனிதனுக்கே என்ன செய்தது என்று இந்த நாட்டுக்குத் தெரியும். 2017-18 லிஸ்டீரியா. 1,060 பேருக்கு நோய், 216 பேர் சாவு, அதில் பச்சைக் குழந்தைகள் எத்தனையோ. 2018 மார்ச் 4-ஆம் தேதி சுகாதார அமைச்சர் மோட்சோலெடி, மூலம் போலோக்வானேயில் ஒரு பொலோனித் தொழிற்சாலை என்று அறிவித்தபோது கடைக்காரர்கள் குளிர்பெட்டியில் இருந்து அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் பெருகும், அதுதான் அதன் வம்பு. பூனைக்கு அந்த நோய் அபூர்வம். ஆனால் பூனைக்கு நறுக்கிய பலகையும் கையும் நம்முடையவை.

சரி, நோய்க்கிருமி இல்லாத பொலோனி என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது இயந்திரம் எலும்பில் இருந்து உரித்தெடுத்த கோழிக்கூழ், அதில் பெரும்பகுதி பிரேசிலில் இருந்து இறக்குமதி. அதோடு மாவு, சோயா, உப்பு, நைட்ரைட், பாஸ்பேட். கார்லிக் பொலோனி என்று ஒரு வகையே தனியாக விற்கிறது, பேரிலேயே பூண்டு இருக்கிறது, அதை என் அண்டை வீட்டார் பூனைக்குப் போடுகிறார்! பாஸ்பேட் விஷயத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. கறியில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸ் வேறு, உப்பாகச் சேர்க்கும் பாஸ்பேட் வேறு. சேர்க்கிற உப்பு ரத்தத்தில் சட்டென்று ஏறும், அளவு மிஞ்சினால் பூனையின் சிறுநீரகம் கெடுகிறது என்று சமீப ஆண்டுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. வயதான பூனைகளில் சிறுநீரக நோய் எவ்வளவு சாதாரணம் என்று நர்ஸ் அம்மாவைக் கேளுங்கள்.

இன்னொன்று அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் தோல். கறி வாசனை ஊறிய பிளாஸ்டிக்கைப் பூனை விடாது. குப்பைத்தொட்டியில் இருந்து இழுத்துத் தின்றால் குடலில் அடைக்கும். ரோஸ்ட் இறைச்சி கட்டிய நூலும் அப்படியே, அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும்.

பூர்வோர்ஸ் என்ற இறைச்சி சாசேஜ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ப்ராய் (வெளியில் கறி சுடும்) சீசன் வருகிறது. பச்சை வோர்ஸ் நிறம் மாறாமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட், லேபிளில் ஈ 223, சேர்ப்பது வழக்கம். சல்ஃபைட் வைட்டமின் பி1-ஐ அழிக்கும். நமக்கு அது பொருட்டில்லை, ரொட்டியில் கிடைத்துவிடும். பூனைக்கு பி1 தேவை நம்மைவிடப் பல மடங்கு. ஆஸ்திரேலியாவில் சல்ஃபைட் கலந்த இறைச்சியே உணவாகத் தின்ற பூனைகளுக்குக் கழுத்து மடங்கித் தலை தொங்கியது, வலிப்பு வந்தது. ஒரு துண்டு வோர்ஸில் இது நடக்காது. தினமும் வோர்ஸ் என்றால் நடக்கலாம்.

ஊசிமருந்து | பீனிக்ஸ்

பழையசோறு அங்கிள் சொன்னது அத்தனையும் சரி. கிழட்டுப் பூனைக்குக் கிட்னி, எங்களுக்குத் தினசரி வேலை அதுதான்.

கறிபன்னி தம்பிக்கு: சைலிடால் நாய்க்குத்தான் கொலைகாரன், ரத்தச் சர்க்கரையை இறக்கி ஈரலை அழிக்கும். பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்த 2018 ஆய்வில் அப்படி எதுவும் நடக்கலை. அதுக்காகக் கொடுக்கச் சொல்லலை, ஆனா அந்த வீடியோ நாயோட விஷயத்தைப் பூனை தலையில் கட்டுது. இந்தக் குழப்பம் ரொம்ப இருக்கு. நாய்க்கு ஆகாததெல்லாம் பூனைக்கு ஆகாதுங்கிறதும் தப்பு, நாய்க்கு ஆனதெல்லாம் பூனைக்கு ஆகுங்கிறது அதைவிடப் பெரிய தப்பு.

பூனையோட ஈரலுக்கு ஒரு குறை உண்டு. சில பொருள்களை குளுக்குரோனிக் அமிலத்தோட ஒட்டி வெளியேத்துற வேலை அதுக்கு சரியா வராது. அதனாலதான் பென்சாயேட், லேபிளில் ஈ 211, நமக்கு ஒண்ணும் செய்யாதது பூனை உடம்பில் தேங்கும். பென்சாயிக் அமிலம் அதிகம் போட்ட இறைச்சி தின்னு பூனைகள் செத்தது 1970-கள் தொடக்கத்திலேயே பதிவான விஷயம். அச்சார் எண்ணெய், பாட்டில் சாஸ், கார்டியல் (தண்ணி கலந்து குடிக்கிற சிரப்) எல்லாத்திலும் அது இருக்கலாம். அச்சாரைப் பூனை தானா நக்காது, ஆனா சாஸ் ஊத்தின சிப்ஸைத் தின்னும்.

சாப்பாட்டை விட்டு ஒரு வார்த்தை வெளியில் போறேன், மன்னிச்சுக்கோங்க: பாரசிட்டமால். அதே ஈரல் குறை, அதே ஹீமோகுளோபின். காய்ச்சல்னு நினைச்சு அரை மாத்திரை கொடுத்துட்டுத் தூக்கிட்டு வர்றாங்க. அரை மாத்திரையே பூனையைக் கொல்லும்.

மல்லிகைக்கொடி | சாட்ஸ்வர்த்

ஈறு இளஞ்சிவப்பாத்தான் இருக்கு. சாசேஜை நிறுத்திட்டேன், மிச்சம் என் வீட்டுக்காரர் லஞ்ச் டப்பாவுக்குப் போகுது.

டின் ஃபிஷ் என்ன கணக்கு? அது பாவம், வெறும் மீன்தானே? புரட்டாசி முடிஞ்சதும் மாங்கா முதல்ல கேக்கிறது அதைத்தான். பால் பத்தியும் சொல்லுங்க.

ஊசிமருந்து | பீனிக்ஸ்

டின் ஃபிஷ் வெறும் மீன் இல்லை அக்கா, எந்த டின்னுங்கிறதுதான் கேள்வி. மிளகாய் சாஸில் வர்றதைத் தொடாதீங்க. தக்காளி சாஸில் வர்றதில் வெங்காயம் எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லைன்னாலும் உப்பும் மாவும் உண்டு, கழுவிடுங்க. பில்ச்சர்ட் (டின்னில் வர்ற மத்தி வகை மீன்) முள்ளு டின்னில் வெந்து மெத்துன்னு ஆகிடும், அதைப் பூனை தின்னலாம், சுண்ணாம்புச் சத்து. ஆனா வீட்டில் பொரிச்ச மீன் முள்ளும் வெந்த கோழி எலும்பும் கூடாது.

ட்யூனா வாங்கினா தண்ணியில் இருக்கிறதை வாங்குங்க, எண்ணெயில் இருக்கிறது வேண்டாம். எண்ணெய் மீனையே நாள் தவறாம தின்ன பூனைக்கு வைட்டமின் ஈ தீர்ந்து, உடம்புக் கொழுப்பு மஞ்சளாகி வீங்கும். தொட்டாலே கத்தும். அந்த வலியை ஒரு தடவை பார்த்தவங்க மறக்க மாட்டாங்க.

பச்சை மீன் நல்லதுன்னு சொல்றவங்களுக்கும் சேர்த்து: சில மீன்களின் பச்சைச் சதையில் பி1-ஐ உடைக்கிற நொதி இருக்கு, வேகவச்சா அது அழியும். அதனால மீன்னா வெந்த மீன், உப்பில்லாம, வாரத்தில் ஒரு தரம், ஒரு ஸ்பூன்.

பால், பெரும்பாலான வளர்ந்த பூனைக்கு வயித்துப்போக்கு. மாஸ்ங்கிற தயிர்ப்பால் புளிச்சதால லாக்டோஸ் கொஞ்சம் குறைவு, ஒரு ஸ்பூன் நக்கினா குத்தமில்லை. கண்டென்ஸ்ட் மில்க் வேண்டவே வேண்டாம்.

கறிபன்னி | ஓவர்போர்ட்

கண்டென்ஸ்ட் மில்க்னா எங்க டிக்ஸ் பூனை உயிரை விடும்! இனிப்பு அவ்வளவு பிடிக்கும்.

மிட்ராண்ட்_பொறியாளன் | மிட்ராண்ட்

தம்பி, பூனைக்கு இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியைச் செய்யும் இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனைக் குடும்பத்தில் செத்துப்போனது, சிங்கம் புலிக்கும் அப்படித்தான். 2005-இல் கண்டுபிடித்தார்கள். உங்கள் பூனை ஓடி வருவது பால் கொழுப்புக்கு.

"விரும்பிச் சாப்பிடுது, அதனால ஒத்துக்கும்" என்று நாம் நினைப்பதன் ஓட்டை இதுதான். கொழுப்பும் கறிச்சாறும் பூசிவிட்டால் பூனை அட்டையைக்கூட விரும்பும். சோயா சாசேஜை மாங்கா விரும்பியதும் அதனால்தான்.

பழையசோறு | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

எடையையும் பாருங்கள். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும். நொறுக்குத் தீனி என்று கொடுப்பது அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் கணக்கு. ஒரு வியன்னாவே 80, 100 கலோரி வரும். நமக்கு அது ஒரு கடி, பூனைக்கு அரை நாள் சாப்பாடு.

வேப்பமரத்தாயா | சாட்ஸ்வர்த்

பேத்தி எழுதித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல. மல்லிகை, உன் மாமியார் கிட்ட இதைக் காட்டு.

எங்க வீட்ல நாலு தலைமுறையாப் புரட்டாசி பிடிக்கிறோம். காவடிக்கும் விரதம். எங்க மாமியார் காலத்தில் இருந்து பூனை உண்டு, நாய் உண்டு. விரதம்னா சாமிக்கு நாம சொன்ன வாக்கு. நாக்கை அடக்குறது நம்ம நாக்கை. வாயில்லா ஜீவன் யாருக்கும் வாக்குக் கொடுக்கலை. அதைப் பட்டினி போட்டுப் புண்ணியம் தேடினா சாமி ஏத்துக்கும்னு எனக்குத் தோணலை. எங்க வீட்டில் பூனைக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி, பின்கட்டில் ஒரு மூலை. அடுப்பங்கரைக்குள்ள வராது. தட்டை வெளிக் குழாயில் கழுவுவோம். குழந்தைகள் போட்டுட்டுக் கை கால் கழுவிட்டு விளக்கேத்த வருவாங்க. இதில் தீட்டு எங்க வந்துச்சு?

மீன் வாசம் ஆகாதுன்னா காஞ்ச தீனி போடு, வாசமே இருக்காது. ஆனா குரங்கு பார்த்துக்கோ. எங்க பக்கம் காலையில் தட்டு வச்சா பூனைக்கு முந்தி குரங்கு வந்துடும்.

மல்லிகைக்கொடி | சாட்ஸ்வர்த்

ஆயா, அப்படியே படிச்சுக் காட்டினேன். "கறி வெட்டுற பலகை இருக்கிற கராஜ்லயே போடு, விளக்கேத்துற நேரத்தில் வேண்டாம்"னு உத்தரவாயிடுச்சு. குரங்கு எங்க பக்கமும் உண்டு, அதனால பொழுது சாஞ்ச பிறகு கதவைச் சாத்திட்டுப் போடுறதா இருக்கேன்.

மூட்டை வாங்கும்போது என்ன பார்க்கணும்? விலை ஒண்ணுக்கொண்ணு எங்கேயோ இருக்கு.

பழையசோறு | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மூட்டையில் ஆங்கில வி எழுத்தோடு ஒரு பதிவு எண் இருக்க வேண்டும். இந்த நாட்டில் செல்லப்பிராணித் தீவனம் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டும், உரமும் கால்நடைத் தீவனமும் வரும் அதே சட்டம். எண் இல்லாமல் சாக்கில் அளந்து விற்பதை வாங்காதீர்கள். அடுத்து "கம்ப்ளீட்" என்ற சொல், அது இருந்தால்தான் முழு உணவு. பூனைக்கு என்று இருக்க வேண்டும், நாய்த் தீவனம் மலிவு என்று அதைப் போடக் கூடாது, டாரின் கணக்கு அங்கே வேறு. இவை சரியென்றால் நடுத்தர விலையே போதும். விலை உயர்ந்த மூட்டைக்காரன் படம் போட்டிருக்கும் சால்மன் மீனை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

கடற்கரைக்காகம் | வெருலம்

எல்லாம் சரி, கடையே இல்லைன்னா? 2021 ஜூலை ஞாபகம் இருக்கா? கலவரத்தில் கடையெல்லாம் சூறையாடி, ரொட்டிக்கும் பாலுக்கும் மைல் நீளத்துக்கு வரிசை. பெல்லட் எங்க கிடைச்சுது? எங்க தெருவில் எல்லாப் பூனையும் டின் ஃபிஷ்தான். உங்க கணக்குப்படி அதுகளைப் பட்டினி போட்டிருக்கணுமா?

ஊசிமருந்து | பீனிக்ஸ்

போடக் கூடாது அண்ணா. நீங்க செஞ்சது சரி. பூனை ரெண்டு மூணு நாள் ஒண்ணுமே சாப்பிடலைன்னா, அதுவும் குண்டுப் பூனைன்னா, உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைச்சு உயிருக்கே ஆபத்து. அந்த மாதிரி நேரத்தில் கழுவின டின் ஃபிஷ், தோலும் எலும்பும் எடுத்த வெந்த கோழி, வெந்த முட்டை, எதுவானாலும் போடுங்க. கோழி வேகவச்ச தண்ணியையும் ஊத்துங்க, டாரின் அதில் இறங்கியிருக்கும். வேற ஒண்ணுமே இல்லைன்னா பூண்டில்லாத பொலோனிகூட பட்டினியைவிட மேல். சில நாளைக்கு எந்தக் குறையும் வராது. அதையே மாசக்கணக்கில் சாப்பாடாக்கினாத்தான் டாரின், சுண்ணாம்பு, வைட்டமின் ஈ ஒவ்வொண்ணா இடிக்கும். குட்டிப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். வெறும் கறி மட்டும் தின்னு வளர்ந்த குட்டிகளுக்கு எலும்பு தானா முறிஞ்சு வர்றதை நாங்க பார்த்திருக்கோம். வெங்காயம் பூண்டுக்கு மட்டும் எந்த அவசரத்திலும் விலக்கு இல்லை.

மல்லிகை அக்கா, ஒரே நாளில் மாத்தாதீங்க. பழகின சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமா பெல்லட்டைக் கலந்து ஒரு வாரம் பத்து நாளில் முழுசா மாத்துங்க. இப்போதைக்கு வெந்த முட்டையோட கலந்து கொடுங்க. தண்ணிக் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி வைங்க, சில பூனைக்குப் பக்கத்தில் இருந்தா குடிக்கப் பிடிக்காது. காஞ்ச தீனிக்குத் தண்ணி நிறைய வேணும், ஆண் பூனை, மூத்திரம் அடைச்சுக்கும்.

மல்லிகைக்கொடி | சாட்ஸ்வர்த்

முட்டைக்கு மாமியார் கிட்ட அனுமதி வாங்கணும், அது வேற பஞ்சாயத்து. கராஜில் கேஸ் அடுப்பு இருக்கு, பார்த்துக்கிறேன். வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்க நேரம் வாங்கியாச்சு, பயமில்லாம இருக்கட்டும்.

கடற்கரைக்காகம் | வெருலம்

எங்க வீட்டுப் பூனைக்கு இனிமே குழம்புச் சோறு இல்லை, வீட்டுக்காரி இதையெல்லாம் படிச்சுட்டா. ஆனா சனிக்கிழமை டின் ஃபிஷ் உண்டு. அதில் யாரும் தலையிடாதீங்க.

ஊசிமருந்து | பீனிக்ஸ்

சாஸைக் கழுவிட்டுப் போடுங்க அண்ணா. ஒரு ஸ்பூன்!